இங்கே நிறுத்து, சிரிப்பார்கள்

1

எங்கள் நூலகத்தில் ஊழியர்கள் டீ குடிக்க ஒரு சின்ன அறை உண்டு. "எங்கள்" என்று நான் சொல்வது நியூசிலாந்தில் நான் வேலை பார்க்கும் நகர நூலகத்தை. ஆவடிப் பக்கம் இருக்கும் ஒரு கிளை நூலகத்தையும் எங்கள் நூலகம் என்றுதான் சில மாதங்கள் முன்புவரை சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை.

போன வாரம் அந்த டீ அறைக்குள், குழந்தைகள் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் ஒருத்தி தடிமனான அகராதி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நல்ல மனசுக்காரி. எனக்குக் காய்ச்சல் வந்தபோது சூப் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தவள். என்னைப் பார்த்ததும் அகராதியைக் கன்னத்துக்கு முட்டுக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, "ஜேய்பால் சொன்ன மாதிரி, கனமான புத்தகம், தலையணைக்கு ஆகும்!" என்றாள். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்களே.

ஜெயபாலை இங்கே யாரும் நேரில் பார்த்ததில்லை. அவர் பெயரைக்கூட ஒழுங்காகச் சொல்ல வராது. ஆனாலும் மழை பெய்கிறது என்பதைப்போல அவர் பெயரைச் சாதாரணமாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவர்கள் வாயில் அந்தப் பெயரைப் போட்டது நான்தான்.

வெளிநாட்டில் இருந்து ஊருக்கு எழுதுகிறவர்கள் குளிரைப் பற்றி எழுதுவார்கள், கறிவேப்பிலை விலையைப் பற்றி எழுதுவார்கள். நானும் எழுதியிருக்கிறேன். இந்த முறை எனக்கு எழுத வெட்கம் ஒன்றுதான் இருக்கிறது. அதைத்தான் எழுதப்போகிறேன்.

2

என் வேலையைத் தமிழில் சொல்வது சிரமம். நூலக ஊழியர்களுக்குப் புதிது புதிதாக வரும் இணையக் கருவிகளைப் பழக்கிவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் பத்து இடத்தில் உட்கார்ந்து ஒரே கோப்பில் எழுதுவது, எல்லோருக்கும் பொதுவான நாட்காட்டியில் நிகழ்ச்சிகளைக் குறிப்பது, சமூக ஊடகத்தில் வாசகர்களோடு பேசுவது, இப்படி. அம்பத்தூரில் என் சித்தி, "கம்ப்யூட்டர் டீச்சராடி?" என்று கேட்பாள். ஆமாம் சித்தி என்று முடித்துக்கொள்வேன்.

தேவகி அந்த ஆவடிப் பக்கத்து நூலகத்தின் நூலகர். அதற்கு முன்னால் அவள் என் சிநேகிதி. அம்பத்தூரில் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. இரண்டு பேர் அப்பாக்களும் அங்கே தொழிற்பேட்டை எஸ்டேட்டில் வேலை பார்த்தார்கள். தபாலில் நூலக அறிவியல் படித்தபோது ஒரு செட் பாடப் புத்தகம்தான் வாங்கினோம், அவள் காலையில் படிப்பாள், நான் சாயங்காலம் படிப்பேன். எனக்குக் கல்யாணம் ஆகி நான் விமானம் ஏறினேன். அவள் ஊர் ஊராக மாற்றலாகி, கடைசியில் ஆவடிக்கு வந்து சேர்ந்தாள்.

இரண்டு வருஷம் முன்பு ஊருக்குப் போனபோது அவள் நூலகத்துக்குப் போனேன். காலையிலேயே பேப்பர் படிக்கிற பெரியவர்கள் மின்விசிறிக்குக் கீழ் இருக்கும் நாற்காலிகளைப் பிடித்துவிட்டார்கள். அரசுத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் சாப்பாட்டு டப்பாவோடு வந்து மாடியை நிரப்பியிருந்தார்கள். ஆனால் கதைப் புத்தகம் இருந்த அலமாரிப் பக்கம் ஈ, காக்கை இல்லை.

"பாத்தியா? புதுசா எவ்வளவு வந்திருக்கு, எடுக்க ஆளே இல்ல" என்றாள் தேவகி. "நீ அங்க அவங்களுக்குச் சொல்லிக் குடுக்கறத எங்களுக்கும் சொல்லிக் குடேன்டி. நாங்களும் நெட்டுல ஒரு பக்கம் ஆரம்பிச்சு எழுதுறோம்."

"அதுக்கு மேலிடத்துல பர்மிஷன் வேணாமா?"

"கேட்டா ஃபைல் போய்ட்டு வர்றதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன். வாசகர் வட்டம் பேர்ல ஆரம்பிச்சுடலாம். ஏதாவது ஆச்சுன்னா நான் பாத்துக்கறேன். நீ இருக்கியே, அப்புறம் என்ன?"

நீ இருக்கியே என்றாள். அந்த நம்பிக்கையில்தான் அவள் தன் வேலையைப் பணயம் வைத்தாள்.

அங்கே அவளோடு இரண்டு பேர். சங்கீதா, தென்காசிப் பக்கத்துப் பெண். கணவருக்கு ஐ.டி. வேலை, முகப்பேரில் ஃப்ளாட், இவளுக்கு இங்கே ஒப்பந்த வேலை. இன்னொருவர் உதவியாளர் ஜெயபால். ஆவடிக்குப் பக்கத்துச் சேக்காட்டுக்காரர். "எங்க தாத்தா கழனில அறுப்பு அறுத்தாரு, எங்க நைனா கம்பெனி கேன்டீன்ல தட்டு கழுவுனாரு, நா ஏசி இல்லாத எடத்துல பொஸ்தகம் அடுக்கிகினு கீறேன். ஆக மொத்தம் முன்னேற்றந்தான் மேடம்" என்று அறிமுகம் செய்துகொண்டார். சொல்லிவிட்டு நான் சிரிக்கிறேனா என்று ஓரக்கண்ணால் பார்த்தார். அந்தப் பார்வையை நான் அப்போதே கவனித்தேன். சிரிக்கவைக்க ஆசைப்படுகிற மனுஷர் அவர். அது எனக்குத் தெரியாது என்று இப்போது நான் சொல்லிக்கொள்ள முடியாது.

3

நான் திரும்பி வந்ததும் காணொளியில் வகுப்பு தொடங்கியது. அவர்களுக்குக் காலை, எனக்கு வேலை முடிந்த சாயங்காலம். எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஷேர் ஃபோல்டர் போட்டுக் கொடுத்தேன். முதல் பாடமே, "ஒரு ஃபோல்டருக்குள்ள எதையாவது வைக்கறதுக்கு முன்னாடி, அதோட சாவி, அதாவது திறந்து பாக்கற அனுமதி, யார் யார்கிட்ட இருக்குன்னு பாருங்க" என்பதுதான். இதை இங்கேயும் எல்லா வகுப்பிலும் சொல்வேன். ஊருக்கு உபதேசம்.

சேர்ந்து எழுதுவது அவர்களுக்கு லேசில் வரவில்லை. கை பழகாததால் அல்ல. பொதுக் கோப்பை அவர்கள் அலுவலகக் கோப்பாகவே பார்த்தார்கள். ஒருவர் எழுதியதன் கீழே அடுத்தவர் எழுதுவார், எழுதிவிட்டுப் பெயரும் பதவியும் போடுவார். ஒருவர் வரியை இன்னொருவர் தொடவே மாட்டார். அதிலும் தேவகி எழுதியது என்றால் ஒரு புள்ளியைக்கூட அசைக்கமாட்டார்கள்.

"தப்பா இருந்தா நேரா திருத்துங்க, அதுக்குத்தான் இந்தக் கருவியே" என்றேன்.

"அம்மா எய்துனத நாம அடிக்கிறதா? கை வராது மேடம்" என்றார் ஜெயபால்.

அப்படியிருக்கும்போதுதான் வெள்ளிக்கிழமை விஷயம் நடந்தது. நம் ஊரில் நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை வாராந்தர விடுமுறை என்பது உங்களுக்குத் தெரியும். தேவகி ஏதோ அவசரத்தில், வாசகர் வட்டக் கூட்டத்தைப் பொது நாட்காட்டியில் ஒரு வெள்ளிக்கிழமையில் குறித்துவிட்டாள். இரண்டு பேரும் பார்த்தார்கள். அதன் கீழே "பார்த்தேன், நன்றி அம்மா" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். தப்பு என்று ஒருவரும் சொல்லவில்லை. நாட்காட்டியில் இருந்தது அப்படியே இணையப் பக்கத்திலும் அறிவிப்பாகப் போய்விட்டது. விடுமுறை நாளில் ஜெயபால் வந்து பூட்டைத் திறந்து, நாற்காலி போட்டு, மைக்கை "ஹலோ ஹலோ" என்று தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். சங்கீதாவும் வந்துவிட்டாளாம். யாரோ போன் செய்து சொல்ல, ஈரத் தலையோடு தேவகி ஓடிவந்திருக்கிறாள்.

அன்று சாயங்காலம் அவளே என்னைக் கூப்பிட்டுச் சிரி சிரி என்று சிரித்தாள். "என் மூஞ்சிய எங்க வச்சிக்கறதுன்னு தெரியலடி. மூணு பேருக்கும் லீவுன்னு தெரியும், மூணு பேரும் ஆஜர்! உன்கிட்ட மட்டும் சொல்றேன், மேல தெரிஞ்சா மெமோதான்." நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் ஒரு தப்பும் இல்லை. இரண்டு சிநேகிதிகள் சிரித்தோம், அவ்வளவுதான்.

இணையப் பக்கத்தில் எழுதுவது மட்டும் நன்றாகப் போனது. காரணம் ஜெயபால். புதிதாக வந்த புத்தகத்தைப் படம் எடுத்து, அதற்குக் கீழே நாலு வரி எழுதச் சொல்லியிருந்தேன். சங்கீதா "அனைவரும் படித்துப் பயன்பெற வேண்டிய அரிய நூல்" என்று எழுதினாள். ஜெயபால் தான் பேசுவதை அப்படியே எழுதினார். ஒரு தடிமனான நாவலுக்கு அவர் எழுதியது இது:

"பொஸ்தகம் செம வெயிட்டு. தலவாணிக்கு ஆவும். ஆனா தூக்கம் வராது. அந்தப் பொண்ணு அப்பால இன்னா ஆச்சோன்னு மனசு அடிச்சிகினே இருக்கும்."

ஒரு சமையல் புத்தகத்துக்கு: "போன தபா எட்த்துகினு போனவரு மஞ்சக் கறையோட திருப்பிக் குட்த்தாரு. திட்டலாம்னு மோந்து பாத்தேன். கொயம்பு நல்லாத்தான் வந்துகீது. உட்டுட்டேன்."

இதைப் படித்துவிட்டு ஆட்கள் வந்தார்கள். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள், ஸ்கூட்டியில் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வருகிற பெண்கள் எல்லாம், "அந்தத் தலவாணிப் புத்தகம் இருக்கா?" என்று கேட்டு வாங்கிப் போனதாகத் தேவகி சொன்னாள். கதை அலமாரிப் பக்கம் ஆள் நடமாட்டம் வந்துவிட்டது. தெருவில் போகும்போது ஜெயபாலை, "அண்ணாத்தே, அடுத்தது இன்னா?" என்று நிறுத்திக் கேட்கிறார்களாம். காணொளியில் அவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து உட்கார ஆரம்பித்தார்.

4

நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், ஒரு வாசகரிடம் நம் வழக்கப்படி "ஒரு வேலை செய்யுங்களேன்" என்று ஆரம்பித்ததை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். அவர் என்ன வேலை என்று கேட்டு நின்றார். பின்னால் இருந்த இருவர் அதைக் கேட்டுவிட்டு நாள் முழுக்க ஒருவரை ஒருவர் "ஒரு வேலை செய்" என்று ஏவிக்கொண்டிருந்தார்கள். கழிப்பறையில் போய் அழுதேன். பிறகு ஒரு சூட்சுமம் புரிந்தது. அவர்கள் சிரிப்பதற்கு முன்னால் நானே என்னைக் கிண்டல் செய்துகொண்டால் அவர்களுக்கு என்னைப் பிடித்துவிடுகிறது. அப்படியே பழகினேன். என்னைப் பற்றிய சரக்கு தீர்ந்ததும் ஊரை எடுத்தேன். பஸ், கல்யாண வீடு, சித்தியின் போன் பேச்சு எல்லாம் டீ அறையில் நல்ல விலைக்குப் போயின.

வீட்டிலும் அதேதான். என் மகள் நிலா இங்கேதான் பிறந்தாள், இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். தமிழ் கேட்டால் புரியும், படிக்கத் தெரியாது. பதிலெல்லாம் ஆங்கிலத்தில்தான். அவளுக்கு ஊர் என்றால் சாப்பாட்டு மேஜையில் நான் நடித்துக் காட்டிய கோமாளித்தனங்கள்தான். மகளுக்குச் சிரிப்பதற்கென்றே ஒரு ஊரைக் கொடுத்திருக்கிறேன் என்பது இந்த விஷயத்துக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

இந்த வருஷத் தொடக்கத்தில், சுற்று வட்டார நூலகர்கள் கூடும் ஒரு நாளில் என்னைப் பேசச் சொன்னார்கள். வேற்று நாட்டு ஊழியர்களுக்கு இணையக் கருவிகளைப் பழக்கிய அனுபவம் என்பது தலைப்பு. ஆவடிக் கதையைச் சொல்லலாம் என்று முடிவு செய்தேன். திரையில் காட்ட ஒன்பது பத்துப் பக்கம் தயாரித்தேன்.

முதல் பக்கத்தில் மூன்று பேரின் புகைப்படம். அடுத்து நாட்காட்டியின் படம், தேவகியின் வெள்ளிக்கிழமை வரி, அதன் கீழே நன்றி அம்மா, நன்றி அம்மா. மேலே நான் கொடுத்த தலைப்பு: "விடுமுறையில் கூட்டம் நடத்துவது எப்படி?" அதற்கடுத்து ஜெயபாலின் பெயரோடு அவருடைய நாவல் வரிகள், ஆங்கிலத்தில். "புத்தகம் கனம். தலையணைக்கு ஆகும்." அவ்வளவுதான். தூக்கம் வராது என்றதையும், அந்தப் பெண் என்ன ஆனாளோ என்று மனசு அடித்துக்கொள்ளும் என்றதையும் வெட்டிவிட்டேன். முழுதாகப் போட்டால் அவர் நகைச்சுவையாக எழுதத் தெரிந்த ஆள் என்று தெரிந்துவிடும். பாதியில் வெட்டினால் ஒன்றும் தெரியாத அப்பாவி உளறியது போல இருக்கும். எனக்கு அதுதான் தேவைப்பட்டது.

இங்கே கதை நேரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தையை முதுகுப் பக்கமாகப் படம் எடுப்பதாக இருந்தாலும் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவேன். அந்த மூன்று பேரின் முகத்தைச் சுவர் அகலத்துக்குக் காட்டுவதற்கு யாரையும் கேட்க எனக்குத் தோன்றவில்லை. நம்மவர்கள்தானே என்று இருந்துவிட்டேன்.

வீட்டில் நிலாவுக்கு முன்னால் ஒத்திகை பார்த்தேன். வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் அவள் சோபாவில் புரண்டு சிரித்தாள். "அம்மா, இங்க கொஞ்சம் நிறுத்து. அவங்க சிரிச்சு முடிக்கட்டும்" என்று யோசனை சொன்னாள். நல்ல யோசனை. பேசுபவர் மட்டும் பார்ப்பதற்காகப் பக்கத்தின் அடியில் குறிப்பு எழுத இடம் இருக்குமே, அங்கே ஆங்கிலத்தில் இரண்டு சொல் தட்டினேன்: நிறுத்து, சிரிப்பு. தலையணைப் பக்கத்திலும் அதையே தட்டினேன்.

நிறுத்தினேன். சிரித்தார்கள். கைதட்டல் ரொம்ப நேரம் கேட்டது. அன்று வீட்டுக்குக் காரை ஓட்டிக்கொண்டு போகும்போது, கடைசியில் நானும் இந்த ஊர்க்காரி ஆகிவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன்.

5

அதற்குப் பிறகு ஆவடி நூலகத்தின் பக்கத்தில் ஜெயபாலின் எழுத்து வரவில்லை. முதலில் பரீட்சைக் காலக் கூட்டம் என்று நினைத்தேன். பிறகு தேவகிக்கு, "என்னடி ஆச்சு உங்க ஹீரோவுக்கு?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். மறுநாள் பதில் வந்தது.

"வணக்கம் மேடம். தங்களின் வகுப்புகள் எங்களுக்கு மிகவும் பயனுள்ளதாக இருந்தன. பணிச்சுமை காரணமாக வகுப்புகளைத் தற்காலிகமாக நிறுத்திக்கொள்கிறோம். நன்றி."

ஒரே பாடப் புத்தகத்தைப் பங்கு போட்டுப் படித்தவள் என்னைத் தங்கள் என்கிறாள். விளையாடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். போன் செய்தேன், எடுக்கவில்லை.

சில நாள் கழித்துச் சங்கீதாவிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. மெதுவாகப் பேசினாள், பின்னால் ஏதோ பஸ் சத்தம்.

"அக்கா, நான் சொன்னேன்னு தேவகி மேடத்துக்குத் தெரிய வேண்டாம். ஒரு நாள் ஜெயபால் அண்ணன் போன்ல மணி அடிச்சுது, ஃபோல்டர்ல புதுசா ஒண்ணு வந்திருக்குன்னு. நீங்க புதுப் பாடம் போட்டிருக்கீங்கன்னு எங்களையெல்லாம் கூப்பிட்டாரு. நூலகம் மூடுற நேரம். நாற்காலி போட்டு, பேனாவெல்லாம் எடுத்துக்கிட்டு உட்கார்ந்தோம் அக்கா. மேடம் கம்ப்யூட்டர்ல திறந்தாங்க. முதல்ல எங்க போட்டோ வந்துச்சா, ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. அடுத்த பக்கம் வந்ததும் மேடம் பேச்சை நிறுத்திட்டாங்க. ஜெயபால் அண்ணன்தான் விடாம கேட்டுக்கிட்டே இருந்தாரு. என்ன எழுதிருக்கு, என்ன எழுதிருக்குன்னு. உங்களப் பாராட்டி எழுதிருக்காங்கன்னு மேடம் சொன்னாங்க. அவரு பேரு இருந்த பக்கத்துல ரெண்டு வரிதான் இருந்துச்சு, அப்ப மீதி ரெண்டு வரி எங்கன்னாரு. இடம் பத்தலன்னாங்க. கீழ லாஃப்னு போட்டிருக்குதேன்னாரு. அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தை அவருக்குத் தெரிஞ்சிருக்கு அக்கா. மேடம் கம்ப்யூட்டரை அணைச்சிட்டு, நேரமாச்சு கிளம்புங்கன்னுட்டாங்க."

கேட்டுக்கொண்டிருக்கும்போதே மடிக்கணினியைத் திறந்தேன். புகைப்படங்கள் எல்லாம் அந்தப் பொது ஃபோல்டரில் இருந்ததால், எடுக்க வசதி என்று அதற்குள்ளேயே என் பக்கங்களைத் தயாரித்திருக்கிறேன். சாவி யார் யாரிடம் இருக்கிறது என்று பார்க்கவே இல்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் முதல் பாடத்தாலேயே கெட்டேன்.

உடனே அந்தக் கோப்பை அழித்தேன். அழித்த பிறகுதான், அழித்த செய்தியும் ஜெயபாலின் போனுக்கு மணியடித்துப் போயிருக்கும் என்று நினைவு வந்தது. அதுவரை அவருக்குக் கொஞ்சம் சந்தேகம்தான் இருந்திருக்கும்.

நிலாவிடம் சொன்னேன். அவள் திகைத்துப்போய், "ஆனா அம்மா, நீதானே அவங்களப் பத்தி எப்பவும் அப்படிச் சொல்லுவ? நான் அவங்க அப்படித்தான்னு நினைச்சேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவள்மேல் கோபப்பட எனக்கு ஒரு நியாயமும் இல்லை. இருந்தும் கோபப்பட்டேன், கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

6

மன்னிப்பை வாட்ஸ்அப்பில் கேட்கக் கூடாது என்று தோன்றியது. லீவு போட்டு டிக்கெட் எடுத்தேன். விமானத்தில் ஜெயபாலிடம் பேசப்போவதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். உண்மையை முழுசாகச் சொல்லிவிடுவது. உங்கள் நகைச்சுவையை வெட்டி உங்களைக் கோமாளி ஆக்கினேன், தப்பு என்னுடையது. இதுதான். பக்கத்து சீட்டுக்காரர் நான் ஏதோ மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்.

அம்பத்தூரிலிருந்து மின்சார ரயிலில் ஆவடி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. நூலக வாசலில் செருப்பு விடும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஜெயபால்தான் முதலில் பார்த்தார். "அடடே, வாங்க மேடம்! எப்ப வந்தீங்க? ஊட்ல அல்லாரும் நல்லா கீறாங்களா?" என்று தன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பழைய குரல்தான், ஆனால் பழைய ஓரப்பார்வை இல்லை. சங்கீதா மாடியில் இருந்தாள். தேவகி தன் மேஜையில் திரும்பி வந்த புத்தகங்களைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வாங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டாள்.

"அண்ணே, உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்" என்று ஆரம்பித்தேன்.

"நானும் ஒண்ணு கேக்கணும் மேடம்" என்று அவர் முந்திக்கொண்டார். "அந்தத் தலவாணி மேட்டர்ல பாதிய உட்டுட்டீங்க. எடம் பத்தலன்னு அம்மா சொன்னாங்க. சரி, போவட்டும். கீய லாஃப்னு எய்தி இருந்திச்சே, அந்த எடத்துல அவங்கோ நெசமாவே சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க அண்ணே."

"நா சொன்னதுக்குச் சிரிச்சாங்களா, என்னியப் பாத்துச் சிரிச்சாங்களா?"

தேவகியின் கை நின்றது. பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்த மாதிரி இருந்தது. இத்தனை மாதமாக அவர் இந்தக் கேள்வியைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு புத்தகம் அடுக்கியிருக்கிறார். நான் விமானம் முழுக்கச் சொல்லிப் பார்த்த உண்மை தொண்டைவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் அதைப் போட எனக்குத் தைரியம் வரவில்லை.

"நீங்க சொன்னதுக்குத்தான்ணே" என்றேன்.

அவர் முகம் அப்படியே மலர்ந்தது. "பாத்தீங்களாம்மா!" என்று தேவகி பக்கம் திரும்பினார். "நீங்கதான் இன்னாமோ மூஞ்சிய தொங்கப் போட்டுகினு இருந்தீங்க. ஜோக்கு எந்த ஊர்ல சொன்னாலும் ஜோக்குதான்!" பிறகு என்னிடம் குனிந்து, ரகசியம் போல, "அடுத்த தபா அந்த மஞ்சக் கறை மேட்டர சொல்லுங்க மேடம். அது இத்தவிட சூப்பரா கீது. அவங்கோ குலுங்கிப் பூடுவாங்கோ" என்றார். "இருங்க, ஏலக்கா டீ சொல்லிட்டு வரேன்" என்று வாசலுக்குப் போனார். போகிற வழியிலேயே புது வரவு அலமாரியில் ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டி, தன் போனில் அதைப் படம் பிடித்துக்கொண்டார்.

நான் தேவகியின் மேஜைக்கு எதிரில் போய் உட்கார்ந்தேன். அவள் புத்தகத்தை மூடாமல் கேட்டாள்.

"பொய்தானே?"

"ஆமா."

"நானும் அதத்தான் சொல்லி வச்சிருந்தேன். நல்லதாப் போச்சு. இனிமே எழுதுவாரு."

அப்பாடா என்று இருந்தது எனக்கு. விஷயம் இதோடு முடிந்துவிட்டது என்றே நம்பினேன். "தேவகி" என்று அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள்.

"எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும். உங்ககிட்ட மட்டும்னு சொன்னதத்தான் நீங்க அங்க காட்டினீங்க. அவருக்கு ஒரு பதில் சொல்லிட்டீங்க. எனக்கு என்ன சொல்லப்போறீங்க?"

அவருக்குச் சொல்வதற்குக் கடல் தாண்டும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்திருந்தேன். இவளுக்கென்று ஒரு வார்த்தைகூட நான் எடுத்து வரவில்லை.